நாலரை ஸ்டார் யார் போட்டது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழின் கேள்விகள், முன்பின் தெரியாதவர்கள் எழுதும் ரிவ்யூவைப் பார்த்துப் பொருள் வாங்குவது பற்றி. கொழிஞ்சாம்பாறை, குப்பம், களியக்காவிளை என்று எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. பதில் சொல்கிறது நம் நுகர்வோர் பகுதிக் குழு.

மிக்ஸி வாங்க வேண்டும். ஒன்றுக்கு 5.0 ஸ்டார், ஆனால் 9 பேர்தான் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றுக்கு 4.5, போட்டவர்கள் 640 பேர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். மகன் முதலாவது என்கிறான், மருமகள் இரண்டாவது என்கிறாள்.
– இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

மருமகள் பக்கம்தான் கணக்கு நிற்கிறது. லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் சொன்ன ஒரு சுருக்குவழி இதற்கு உதவும். வந்திருக்கும் ஆட்களோடு இன்னும் இரண்டு பேரை மனசுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பொருள் பிடித்தது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை. அதாவது, நல்லது என்றவர்களோடு 1 கூட்டி, மொத்தத்தோடு 2 கூட்டி வகுக்க வேண்டும்.

முதல் மிக்ஸிக்கு 9 பேரும் நல்லது என்கிறார்கள். 10-ஐ 11 ஆல் வகுத்தால் சுமார் 91 சதவீதம். இரண்டாவதில் ஸ்டார் வரிசையைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை ஸ்டார் எத்தனை பேர் என்று பட்டையாக விரியும். 4, 5 ஸ்டார் போட்டவர்கள் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். 601-ஐ 642 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 94. முழு ஐந்து ஸ்டார் வாங்கியது பின்னால் போய்விட்டது. அந்த 9 பேர் கடைக்காரரின் மச்சானும் மாமனுமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

சராசரி பார்த்தாயிற்று. இனிப் படிக்க வேண்டும். அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் அப்புறம் பாருங்கள். பொதுவாக ரிவ்யூ எழுத உட்காருகிறவர் ரொம்ப மகிழ்ந்தவர், இல்லையென்றால் ரொம்பக் கடுப்பானவர். தினமும் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டுச் சும்மா இருக்கும் பெரும்பான்மை எழுதுவதே இல்லை. அவர்களுக்குக் கொஞ்சம் நெருங்கி வருவது 2, 3 ஸ்டார்காரர்கள். இது நல்லாயிருக்கு, இது சரியில்லை என்று இரண்டையும் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

மிக்ஸிக்கு வரும் ஒரு ஸ்டாரில் பலவற்றுக்குக் காரணம் மிக்ஸியே இல்லை. "முதல் நாளே கருகிய வாடை" என்று எழுதியிருப்பார்கள். புது மோட்டாரின் சுருளில் பூசிய வார்னிஷ் முதல் சில ஓட்டத்தில் சூடேறும்போது வாடை வரத்தான் செய்யும். அதற்குப் பிறகும் வந்தாலோ, புகை கண்டாலோதான் கோளாறு. "அரைக்கும்போதே செத்துப்போச்சு" என்பதும் அப்படித்தான். சுமை கூடினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு சுவிட்ச் அடிப்பக்கம் இருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை அமுக்கினால் ஓடும். அது தெரியாமலே நிறையப் பேர் திருப்பி அனுப்புகிறார்கள்.

கவனிக்க வேண்டிய புகார்கள் வேறு. ரிவ்யூப் பக்கத்தில் தேடும் கட்டம் இருந்தால் கப்ளர், புஷ், லீக், சர்வீஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது என்றால் பிளேடு சுழலும் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆறு மாதத்துக்குள் கசிந்ததாக நாலைந்து பேர், அதுவும் வேறு வேறு மாதத்தில் எழுதியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். மோட்டாரோடு ஜாரை இணைக்கும் கப்ளர் தேய்வது சகஜம், விலையும் குறைவு. அதற்காக ஒதுக்க வேண்டாம்.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்று. 678-ல் தொடங்கும் பின்கோடு உங்களுடையது. பொள்ளாச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், சர்வீஸ் ஆள் பாலக்காட்டுக் கணக்கில் வரக்கூடும். கோயமுத்தூர்க்காரர் "மறுநாளே ஆள் வந்தார்" என்று எழுதியதை உங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்குவதற்கு முன் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு போன் போட்டு, பின்கோடைச் சொல்லி, எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்று கேட்டுவிடுங்கள்.

தக்காளித் தோட்டத்துக்கு 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஆன்லைனில் வாங்கினேன். 4.4 ஸ்டார், ஆயிரத்துக்கு மேல் ரிவ்யூ. அஞ்சாவது மாசமே அஞ்சு டேங்குக்கு மேல் தள்ள மாட்டேங்குது. அத்தனை பேரும் சொன்னது பொய்யா?
– விவசாயி, குப்பம், சித்தூர் மாவட்டம்

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் முதல் நாள் உண்மையைச் சொன்னார்கள், உங்களுக்கு வேண்டியது அஞ்சாவது மாச உண்மை. பொருள் வந்து சில நாளிலேயே "எப்படி இருக்கிறது, மதிப்பிடுங்கள்" என்று செயலி கேட்கும். பெட்டியைப் பிரித்து, சார்ஜ் போட்டு, வாசலில் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு அஞ்சு ஸ்டார் போட்டிருப்பார்கள். "பேக்கிங் சூப்பர்", "சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துச்சு" என்பதெல்லாம் ஸ்பிரேயருக்கான ரிவ்யூ கிடையாது, கூரியர்காரருக்கான ரிவ்யூ. அவற்றைக் கழித்துவிட்டு எண்ணினால் ஆயிரம் நூறாகச் சுருங்கினாலும் ஆச்சரியமில்லை.

இந்த வகை ஸ்பிரேயர் பழுதாவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது பேட்டரி. 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரிதான் பரவலாக வருகிறது. மருந்து அடித்து முடித்து, இறங்கிய சார்ஜோடு கொட்டகையில் இரண்டு மாசம் போட்டுவைத்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வேலை இல்லாத காலத்திலும் மாசம் ஒரு முறை முழுசாக ஏற்ற வேண்டும். இரண்டாவது, பம்பில் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும் வால்வும். தூள் மருந்தை நேராக டேங்கில் கொட்டினால் கரையாத துகள் வடிகட்டியைத் தாண்டி வால்வில் உட்கார்ந்துவிடும். பக்கெட்டில் கரைத்துத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். முடிந்ததும் 2 லிட்டர் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். மூன்றாவது, சுவிட்சுக்குப் போகும் ஒயர் முனைகள். மருந்து பட்டுப் பச்சை பூத்துவிடும்.

உங்களுடையதில் எது போனது என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, மூன்று நாலு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12.7 வோல்ட் அருகில் நின்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. பம்பையும் நாசிலையும் பாருங்கள். 12.4-க்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரி களைத்துவிட்டது. ஸ்பிரேயரைத் தூக்கிப்போட வேண்டாம். அதே வோல்ட், அதே ஆம்பியர்-மணி, அதே நீள அகலத்தில் பேட்டரி மட்டும் மாற்றலாம். பழையதில் ஈயம் இருக்கிறது. பேட்டரிக் கடையில் கொடுத்தால் கொஞ்சம் காசும் கழியும்.

அடுத்த முறை ரிவ்யூ பார்க்கும்போது "புதியவை முதலில்" என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளாமையாவது தாண்டியவர் எழுதியதைத் தேடுங்கள். "ஸ்பேர் கிடைக்கலை" என்ற ஒரு வரி, "சூப்பர் ப்ராடக்ட்" இருநூறுக்கு மேல் பயன்படும். இரண்டு மூன்று நாளுக்குள் கொத்தாக வந்து, எல்லாவற்றிலும் மாடலின் முழுப் பெயரைச் சொல்லிப் புகழ்ந்திருந்தால் தாண்டிப் போங்கள். வீட்டில் யாரும் மிக்ஸியை அதன் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஸ்பிரேயரையும்தான். பக்கத்தின் கடைசிவரை போய் மிகப் பழைய ரிவ்யூக்களையும் பாருங்கள். சில சமயம் அங்கே போர்வை நல்லா இருக்கு, சாயம் போகலை என்று எழுதியிருக்கும்! வேறு பொருளுக்கு வந்த ஸ்டாரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

பொருள் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், வெறும் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். நாசில் முனையில் 1 லிட்டர் ஜாடி நிரம்ப எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டு, அஞ்சு டேங்க் ஓட்டிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே திருப்பிவிடலாம்.

மலையாளத்தில், தெலுங்கில் எழுதிய ரிவ்யூவை மொழிபெயர்ப்புப் பொத்தானை அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லையே?
– வாசகர், வண்ணாமடை

ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த மலையாளமும் தெலுங்கும் பொத்தானுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். மலையாளத்தில் "கொள்ளாம்" என்றால் நன்று, பரவாயில்லை. (குமரி மாவட்டத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) "கொள்ளில்லா" என்றால் ஆகாது. "குழப்பமில்லா" என்பதில் குழப்பம் எதுவும் இல்லை; தேவலை என்று அர்த்தம். "தரக்கேடில்லா" சுமாருக்கு ஒரு படி மேலே. "முதலாயி" என்றால் கொடுத்த காசுக்குத் தகுந்தது, "மோசம்" நம்முடைய மோசமேதான். தெலுங்கில் "பாகுந்தி" நன்று, "பர்வாலேது" பரவாயில்லை, "பாலேது" நன்றாக இல்லை. பர்வாலேது என்று எழுதிவிட்டு அஞ்சு ஸ்டார் போடுகிறவர்கள் உண்டு. அங்கே சொல்லை நம்புங்கள், ஸ்டாரை விடுங்கள்.

பாலக்காட்டு மட்ட அரிசி ஆன்லைனில் வாங்கலாம் என்று பார்த்தால் "வேகவே இல்லை", "சாயம் போகிறது", தேங்காய் எண்ணெயைப் பார்த்தால் "கெட்டுப்போய் உறைந்து வந்தது" என்று ஒரு ஸ்டார். வாங்கலாமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

ரிவ்யூ எழுதியவர் எந்த ஊர், எந்த அடுப்படி என்று பார்க்காமல் விட்டால் இப்படித்தான். எண்ணெயை முதலில் முடித்துவிடுவோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். டிசம்பரில் டெல்லிக்குப் போன பாட்டில் கட்டியாகப் போய்ச் சேர்ந்தால் அது தேங்காய் எண்ணெய்க்குரிய குணம். உங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ரிவ்யூவில் தேதியையும் ஊரையும் பார்த்தாலே போதும். எண்ணெய்க்குக் கவலைப்பட வேண்டிய ரிவ்யூ "சிக்கு வாடை", "மூடி கசிந்தது" என்பவை.

இனி அரிசி. மட்ட அரிசி தவிடு முழுக்கப் போகாத, தடித்த, புழுங்கிய அரிசி. பொன்னி வேகும் நேரத்துக்கு அடுப்பை அணைத்தால் நடுவில் கட்டிதான் இருக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, 1 கப் அரிசிக்கு 5 கப் தண்ணீர் கொதிக்கவிட்டுப் போட்டு, திறந்த பானையில் 40 நிமிடம் வேகவைத்து, கஞ்சி வடிக்க வேண்டும். குக்கரில் என்றால் 4 கப் தண்ணீர், 5 விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அரிசி பழசாக இருந்தால் இன்னும் ஒரு விசில் கேட்கும். இரண்டு விசிலில் இறக்கிவிட்டு ஒரு ஸ்டார் போட்டால் அரிசி என்ன செய்யும்?

சாயப் புகாரை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. கழுவும் தண்ணீர் முதல் இரண்டு முறை லேசாகச் செம்மை கலந்து கலங்குவது தவிட்டிலிருந்து. மூன்றாவது, நாலாவது கழுவலிலும் அடர்சிவப்பாகத் தண்ணீர் இறங்கி, அரிசி வெளுத்துக்கொண்டே வந்தால் சந்தேகப்படலாம். அந்த ரிவ்யூவோடு கழுவின தண்ணீரின் போட்டோ இருந்தால் மதிப்புண்டு. அரிசிப் பையின் போட்டோ மட்டும் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பொதி கட்டிய தேதி இரண்டும் தெரிகிறதா பாருங்கள். முதல் தடவை 1 கிலோ மட்டும் வாங்குங்கள். நீங்கள் சமைத்துப் பார்ப்பதைவிடப் பெரிய ரிவ்யூ கிடையாது, அதற்கு ஆகும் செலவும் ஒரு கிலோ அரிசிதான்.

"இத்தனை பேர் வாங்கினார்கள்" என்று பார்த்ததும் மனசு சாய்ந்துவிடுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14,000-க்கு மேற்பட்டவர்களுக்கு, பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். எட்டுக் கூட்டத்தின் ஆரம்பமும் சுழியம்தான், பாட்டுகளும் அதே 48தான். ஆனால் ஒரு கூட்டத்தில் மேலே ஏறிய பாட்டு இன்னொன்றில் கீழே கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போகவில்லை, ரொம்ப மோசமானது உச்சிக்கு வரவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு என்ன வேண்டுமானாலும் நடந்தது.

2013-இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சின்னத் தள்ளலைச் சோதித்தது. ஒரு செய்தித் தளத்தில் வந்த கருத்துகளில், குலுக்கல் முறையில் தேர்ந்த சிலவற்றுக்கு ஆரம்பத்திலேயே ஒரே ஒரு போலி "பிடித்திருக்கிறது" போட்டார்கள். அந்த ஒற்றை ஓட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. போலியாக ஒரு "பிடிக்கவில்லை" போட்டபோதோ, பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். புகழ்ச்சியை நாம் தொடர்வதும், குறையைச் சரிபார்ப்பதும் இதில் தெரிகிறது. விற்பனைக்கு வந்த முதல் வாரத்திலேயே நல்ல ரிவ்யூவை எப்படியாவது சேர்க்கத் துடிக்கிறார்களே, இதனால்தான்.

நம் ஊர்ப் பழைய வழி ஒன்று இதைவிடத் தேவலை. வாளையார் சாலையில் லாரி நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பார்கள். லாரிக்காரர் வாராவாரம் அதே வழியில் போகிறவர், தன் காசில் சாப்பிடுகிறவர், பிடிக்கவில்லை என்றால் அடுத்த நடையில் நிற்கமாட்டார். அதனால் அது மறுபடி மறுபடி போட்ட ஓட்டு. (லாரி நிறுத்த இடம் இருப்பதாலும் நிற்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.) "இது நான் வாங்கும் மூன்றாவது" என்று எழுதும் ரிவ்யூவுக்கு அதே எடைதான்.

வேலந்தாவளத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். மேப்பில் 4.3. திடீரென்று ஒரே வாரத்தில் நாலு பேர் ஒரு ஸ்டார், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. போன் செய்து "நூறு அஞ்சு ஸ்டார் போட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் விலை பேசுகிறார். வாங்கிவிடலாமா?
– கடைக்காரர்

வேண்டவே வேண்டாம். காசு கொடுத்துப் போட்ட ரிவ்யூ மேப் நிறுவனங்களின் விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் மொத்தமாக நீக்குவார்கள். பக்கத்துக்கே தடை போடவும் அவர்களால் முடியும். இன்னொரு சிக்கல், உங்கள் பெயரும் போன் நம்பரும் அந்த ஆளிடம் போய்விடும். அடுத்த மாசம் "இன்னும் காசு கொடு, இல்லையென்றால் ஒரு ஸ்டார் விழும்" என்று அவரே பேசலாம். இணையச் சந்தையிலும் நீங்கள் சிப்ஸ் விற்பதாக இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்கும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இன்படி, அங்கே விற்பவர் தன்னையே நுகர்வோர்போலக் காட்டி ரிவ்யூ போடக் கூடாது.

4.3 மட்டமும் அல்ல. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மையம் ஒன்று 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருந்தது 4.0-க்கும் 4.7-க்கும் நடுவில்தான். முழு 5.0-ஐ நெருங்க நெருங்க ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள்.

அந்த நாலு ரிவ்யூவையும் பக்கத்திலேயே புகார் செய்யுங்கள். அதோடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிப் பதில்: "வணக்கம். எந்தத் தேதியில் வந்தீர்கள், எது சரியில்லை என்று சொன்னால் சரிசெய்கிறோம். கடையில் காலை முதல் ராத்திரிவரை ஆள் இருக்கும்." அவ்வளவு போதும், சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் பதிலைப் படிக்கப்போவது அவர் கிடையாது, நாளைக்கு வரப்போகிற வாடிக்கையாளர். உண்மையான குறை சொன்னவருக்கு, குறையை ஒப்புக்கொண்டு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். "எண்ணெய் வாடை" என்றால் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள் என்று தேதியோடு.

நல்ல ரிவ்யூ சேர நேர்வழி மெதுவானது. கல்லா அருகே, காசு அனுப்பும் கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ரிவ்யூவுக்கு இன்னொரு அட்டை ஒட்டி வையுங்கள். வருகிற எல்லாரிடமும் கேளுங்கள். சிரித்த முகமாகப் பார்த்துக் கேட்பதும், ரிவ்யூ போட்டால் நூறு கிராம் சிப்ஸ் இலவசம் என்பதும் விதிக்கு ஒத்துவராது. ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம் உங்களுக்குக் கூட்டம் நெரியும். எழுதச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எது? ஒரு நாளைக்கு ஒருவர் எழுதினாலும் அந்த நாலு ஒற்றை ஸ்டார் மூன்று மாசத்தில் கீழே புதைந்துவிடும்.

ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று டெலிகிராமில் வந்தது. மூன்று போட்டேன், 150 ரூபாய் உண்மையாகவே வந்துவிட்டது. தொடரலாமா?
– மாணவர், நகரி

அந்த 150, தூண்டிலில் மாட்டிய புழு. அடுத்து "பிரீபெய்டு டாஸ்க்" என்று 1,000 கட்டச் சொல்லி 1,300 தருவார்கள். பிறகு 5,000, பிறகு 30,000. அதற்கப்புறம் பணம் திரையில் மட்டும் ஏறும், எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். இப்போதே வெளியேறுங்கள். கையிலிருந்து ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், அந்தக் குழுவின் பெயர் எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் போட்ட மூன்று ரேட்டிங்கையும் போய் நீக்கிவிடுங்கள். யாரோ ஒருவர் அதை நம்பிக் குடும்பத்தோடு அங்கே அறை எடுப்பார்.

குற்றாலம் சீசனுக்கு லாட்ஜ் பார்க்கிறோம். ஒரே லாட்ஜுக்கு ஒரு தளத்தில் 4.4, இன்னொன்றில் 3.6. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், ஆரியங்காவு

யார் ரிவ்யூ போட முடியும் என்று பாருங்கள். சில தளங்களில் அங்கேயே அறை பதிந்து தங்கியவர் மட்டும்தான் எழுதலாம். வேறு சிலவற்றில் யார் வேண்டுமானாலும். அமெரிக்க ஹோட்டல்களை வைத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு இந்த இரண்டு வகைத் தளங்களையும் ஒப்பிட்டது. பக்கத்திலேயே போட்டி ஹோட்டல் இருந்தால், யாரும் எழுதலாம் என்ற தளத்தில் கெட்ட ரிவ்யூ கூடுதலாக இருந்தது. குற்றாலத்தில் லாட்ஜ்கள் தோளோடு தோள் உரசி நிற்பவை. அதனால் தங்கியவர் மட்டும் எழுதும் தளத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

அதைவிட முக்கியம் மாதம். ஜூன் முதல் ஆகஸ்டுவரை எழுதியதை மட்டும் படியுங்கள். பிப்ரவரியில் தங்கியவருக்கு அமைதியான அறையும் உடனே வெந்நீரும் கிடைத்திருக்கும். ஜூலை ஞாயிற்றுக்கிழமை அதே அறையில் சுவர் ஈரமும், காயாத துண்டும், காரை நிறுத்த இடமில்லாத சண்டையும். "அருவியில் தண்ணீர் இல்லை" என்று லாட்ஜுக்கு ஒரு ஸ்டார் போட்டவர்களையும் பார்க்கலாம். அவர்களை மன்னித்துத் தாண்டிப் போங்கள்.

களியக்காவிளைப் பக்கம் ஒரு நகைக்கடைக்கு 4.9. நம்பி வாங்கலாமா?

கடையில் காபி கொடுத்தார்களா, காத்திருக்க வைத்தார்களா என்பதற்கு 4.9-ஐ நம்பலாம். தங்கத்தின் தூய்மையைக் கண்ணால் பார்த்து ஸ்டார் போட யாராலும் முடியாது. நகையில் பொறித்த ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி என்ற ஹால்மார்க் அடையாளக் குறியை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்; நகையின் வகையும் தூய்மையும் பில்லோடு பொருந்த வேண்டும். ஃபேன், ஃபிரிட்ஜும் இதே ரகம்தான். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு எரிசக்தித் திறன் வாரியத்தின் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். அந்த ஸ்டார் ஆய்வகத்தில் அளந்தது. வாங்கியவர் போடும் ஸ்டாரோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யூடியூபில் "நேர்மையான ரிவ்யூ" என்கிறவர்கள்?
– வாசகர், கம்பம்

பொருள் இலவசமாக வந்ததா, காசு வாங்கினார்களா, கீழே இருக்கும் லிங்க்கில் கமிஷன் உண்டா என்று முதலில் பாருங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி இதையெல்லாம் பார்ப்பவர் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டுப் பேசுகிறவரைக் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து அதே பொருளைப் பற்றி இன்னொரு வீடியோ போட்டிருந்தால் அதை முதலில் கேளுங்கள்.

எர்ணாகுளத்து விற்பனையாளரிடம் ஆன்லைனில் மெத்தை வாங்கினேன். 6 அங்குலம் என்றார்கள், 5தான் இருக்கிறது. ஒரு ஸ்டார் போட்டு எழுதினேன், ரிவ்யூவையே நீக்கிவிட்டார்கள். வேறு மாநிலம், என்ன செய்ய முடியும்?
– வாசகர், செங்கோட்டை

முதலில், நீங்கள் எழுதியதில் "திருடன்", "ஏமாற்றுக்காரன்" போன்ற சொல் இருந்ததா? இருந்தால் நீக்குவதற்கு அவர்களுக்கு அதுவே சாக்கு. மறுபடி எழுதுங்கள்: வாங்கிய தேதி, விளம்பரத்தில் சொன்ன கனம், பிரித்து 72 மணி நேரம் கழித்து அளந்த கனம், அளவுநாடா தெரியும் போட்டோ. சுருட்டிப் பொதிந்து வரும் ஃபோம் மெத்தை முழுசாக எழும்ப நேரம் எடுக்கும் என்பதால்தான் 72 மணி. நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் அளந்து எழுதுங்கள்.

ரிவ்யூ எழுதியவரைச் சரிபார்ப்பது, வந்த ரிவ்யூக்களைப் பரிசீலிப்பது, வெளியிடுவது எப்படி என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆனால் தளங்கள் விருப்பப்பட்டு ஏற்பதாகத்தான் அது ஆரம்பித்தது. அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்தது என்று சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதில் ரிவ்யூவைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு அங்குலம் குறைந்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள். உங்களுக்கு வர வேண்டியது பணம் அல்லது மெத்தை.

நகரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் எர்ணாகுளம் என்பதற்காக நீங்கள் மலை ஏறி இறங்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குத் தென்காசி மாவட்டம். வாங்கிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, கெடு இரண்டு வருஷம். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அளந்த போட்டோ, குறைதீர் அலுவலரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் சேரட்டும். விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ரிவ்யூவை நீக்கியவர்கள் நாளைக்கு அந்த 6-ஐயும் 5 ஆக்கிவிடுவார்கள்.